கிள்ளானிலிருந்து வந்த கிருமி

பிரிஸ்டல், இங்கிலாந்து
12.2.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் அண்ணியும் என் ரமணியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்தக் குளிரில் தினமும் போர்வையை விட்டு எழுந்திருக்கிறேன்.

வந்து ஒரு மாதம் ஆகிறது. அசதி இன்னும் போகவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, கிருமியைப் பற்றிப் படிக்க ஒரு வருஷம் சீமைக்குப் போனவள் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்காரம்மா பேசுவதாகக் கேள்வி. பேசட்டும். ரமணியின் அப்பா போனபின் எனக்கும் அவளுக்கும் அங்குள்ள ஆஸ்பத்திரி லேப் வேலைதான் சோறு. அனுப்புகிறோம் என்று அவர்கள் சொன்னபோது மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இதோடு ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் கதை, மறுபக்கம் சும்மா என் பேச்சு. தூங்கப்போகும்போது போட்டுவிடுங்கள். என் குரலை மறந்துவிடப் போகிறாள் என்பதுதான் எனக்குப் பயம்.

பிள்ளைக்கு முத்தம்.
தங்கை கலா

கிள்ளான், மலேசியா
6.3.1984

அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு,

அண்ணன் அய்யாவு எழுதுவது. முருகன் புண்ணியத்தில் எல்லாரும் சௌக்கியம். நீ அங்கே கம்பளி போட்டுக்கொண்டு நடுங்குகிறாய், இங்கே நாங்கள் வேர்த்து ஊற்றுகிறோம். கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும்.

கேசட் வந்தது. மறந்துவிடுவாள் என்று பயந்தாயே, நடக்கிற கூத்தைக் கேள். கதை நடுவில் நீ "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று கேட்கிறாய் இல்லையா? இவள் கேசட் ரேடியோவைப் பார்த்து, "தெரியாதும்மா, நீயே சொல்லு லா" என்கிறாள். தினமும் இதே கதை, இதே பதில். எங்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

துறைமுகத்தில் லோரி ஓட்டிவிட்டு வந்தால் கோழிக்கூடு காத்திருக்கிறது. போன தடவை குஞ்சுகளுக்குக் கழிச்சல் வந்து பாதி போய்விட்டது. தீவனக் கடை முதலாளித் தவுக்கே, "நோய் வர்றவரைக்கும் ஏன் காத்திருக்கே? தினம் இந்தப் பொடியைத் தண்ணியில கலந்து வை, கோழி சீக்கிரம் கொழுக்கும்" என்று சொல்லி மஞ்சள் பொடியைக் கொடுத்தார். இந்தத் தடவை ஒன்றுகூடச் சாகவில்லை. நீ போன வருஷம் வந்திருந்தபோது அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரியில குடுக்கிற டெட்ராசைக்கிளினும் இதுவும் ஒரே மருந்துதான் அண்ணே" என்றாய். அதிலிருந்து உன் அண்ணி பவுனம்மாளுக்கு அந்தப் பொடிமேல் தனி மரியாதை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

பிரிஸ்டல்
25.3.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் என் அசதிக்கு மருந்து. "நீயே சொல்லு லா" என்ற வரியைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி தள்ளி உட்கார்ந்தாள். எல்லாரும் நலம்தானே?

அண்ணே, அந்தப் பொடியைப் பற்றிப் பேசவேண்டும். நான் இங்கே படிப்பதே அதைத்தான். மருந்துக்கு மசியாத தன்மை கிருமிக்குப் பரம்பரையாக மட்டும் வருவதில்லை. கிருமிக்குள் அதன் மரபுச்சரடு போக, சின்னச் சின்ன வளையங்கள் தனியாகக் கிடக்கும். பிளாஸ்மிட் என்பார்கள். ஒரு கிருமி பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தைப் படியெடுத்துக் கொடுத்துவிடும். சொந்த ஜாதியாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு வீட்டில் கறி வைத்தால் கம்பத்தில் எல்லா வீட்டுக்கும் கிண்ணம் போகுமே, அந்த மாதிரி. கோழி வயிற்றில் யாருக்கும் தொல்லை தராமல் கிடக்கிற கிருமி, வழியே போகிற நோய்க்கிருமிக்கு அதைக் கொடுக்கும்.

அந்த வளையத்தில் ஒரு மருந்துக்கு மட்டும் பதில் இருக்காது. நாலைந்து மருந்துகளுக்கான பதில் சேர்ந்தே இருக்கும். நீங்கள் போடுவது டெட்ராசைக்கிளின் ஒன்றுதான். ஆனால் அதில் பிழைத்துக் கிடப்பவை, நீங்கள் கண்ணால்கூடப் பார்க்காத மருந்துகளையும் சமாளிக்கத் தெரிந்தவையாக இருக்கலாம். நோய் வந்தால் கொடுங்கள். தினமும் வேண்டாம். ரமணியைக் கூட்டுக்குள் விடவே வேண்டாம்.

பிரசங்கம் முடிந்தது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
கலா

கிள்ளான்
22.4.1984

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு கழிந்தது. நாங்கள் நலம், நீயும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டோம். அண்ணி உனக்கும் ஓர் இலை போட்டாள். அதை நான்தான் சாப்பிட்டேன்.

கிருமிகள் ஜாதி பார்க்காமல் கொடுத்து வாங்குகின்றன என்று எழுதியிருந்தாய். நம் கோயில் கமிட்டிக்காரர்களிடம் படித்துக் காட்டலாமா என்று பார்க்கிறேன். நீ சொன்னதைத் தவுக்கேயிடமும் சொன்னேன். அவர், "உன் தங்கச்சி பேச்சைக் கேட்டுப் பொடியை நிப்பாட்டினா கோழி செத்துப்போகும், அப்புறம் தங்கச்சியே வந்து கோழி வளர்க்கட்டும்" என்கிறார். தீவனத்திலேயே இப்போது கலந்துதான் வருகிறதாம். நான் நிறுத்தி என்ன ஆகப்போகிறது, சொல்.

ரமணி குஞ்சுகளுக்குப் பெயர் வைத்துவிட்டாள். கூட்டுக்குள் விடாதே என்று நீ எழுதினாய், அவளைப் பிடித்து நிறுத்த நீதான் வரவேண்டும். போன வாரம் கொஞ்சம் வயிற்றுப்போக்கு. பயப்படாதே. அண்ணி அந்தப் பொடியை விரல் நுனியில் தொட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். நின்றுவிட்டது. உன் வாக்கு பொய்க்குமா!

அன்புடன்
அண்ணன்

பிரிஸ்டல்
4.5.1984

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை.

கோழிக்கு வாங்கிய பொடியை என் பிள்ளைக்குக் கொடுத்தீர்களா? ஒரே மருந்து என்று நான் சொன்னது பெயரைப் பார்த்துச் சொன்னது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது, பல்லே கறுத்துப்போகும். வயிற்றுப்போக்கு தானாகவும் நின்றிருக்கும். ஆனால் அவள் வயிற்றில் நல்லது கெட்டது எல்லாம் செத்து, மருந்துக்கு அடங்காதது மட்டும் மிஞ்சினால், அடுத்து ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

அண்ணியைத் திட்டுவதாக நினைக்கவேண்டாம். அவர்கள் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் விட்டுவந்தேன். கெஞ்சிக் கேட்கிறேன், காய்ச்சல் கண்டால் நேராக ஆஸ்பத்திரி. எனக்கு உடனே ஒரு தந்தி.

கலா

பிரிஸ்டல்
18.6.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. உங்களிடமிருந்து கடிதமே இல்லை. நான் கோபமாக எழுதியதால் வருத்தமா? அசதியில் எழுதிவிட்டேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இன்னொரு கேசட் அனுப்பினேனே, கிடைத்ததா? இந்தத் தடவை கதையில் ரமணியின் குஞ்சுகளையும் சேர்த்திருக்கிறேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எழுதுங்கள்.

கலா

கிள்ளான்
29.7.1984

அன்புத் தங்கை கலாவுக்கு,

அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. லோரி வேலை அதிகம். உன்மேல் வருத்தம் எதுவும் இல்லை. நீ பயந்ததால் கோழிகளை விற்றுவிட்டேன். கூட்டையும் பிரித்துப் போட்டாயிற்று. பொடியை அண்ணி சாக்கடையில் கொட்டினாள்.

ரமணி நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். பாலர் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். கொஞ்சம் பிடிவாதம் அதிகமாகியிருக்கிறது, வயது அப்படி.

நீ படிப்பை முழுசாக முடித்துவிட்டு வா. நடுவில் எதையும் யோசிக்காதே. அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

அண்ணன்

பிரிஸ்டல்
21.8.1984

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணிக்கு,

நலமா? உங்கள் கடிதம் சின்னதாக இருந்தாலும் வந்ததே போதும் என்றிருந்தது. கோழிகளை விற்றதை நம்பவே முடியவில்லை. இவ்வளவு வருஷத்தில் நான் சொல்லி நீங்கள் கேட்டது இது ஒன்றுதான்!

எனக்கு ஒரு நல்ல செய்தி. கோலாலம்பூர் லேப்பில் என்னோடு வேலை செய்கிற சபாபதி, நம் ஊர்க் கிருமிகள் சிலவற்றை ஆராய்ச்சிக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒன்று கிள்ளான் பக்கத்திலிருந்து வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தையின் ரத்தத்தில் எடுத்த சல்மொனெல்லா. பெயரெல்லாம் எழுதமாட்டார்கள், எண் மட்டும்தான். அண்ணே, அது எதற்குமே அடங்கவில்லை. டெட்ராசைக்கிளின், ஆம்பிசிலின், குளோராம்பெனிகால் எல்லாவற்றிலும் ஜம்மென்று வளர்கிறது. கானமைசின் ஊசி மருந்து ஒன்றுக்குத்தான் செத்தது. அந்தக் குழந்தை வீட்டுக் கோழி எச்சத்திலிருந்து எடுத்த சாதாரணக் கிருமியும் கூடவே வந்திருந்தது. இரண்டுக்குள்ளும் ஒரே வளையம்! பேராசிரியரே மாடி இறங்கி வந்து பார்த்துவிட்டு, "உன் ஆய்வுக்கு இது ஒன்று போதும்" என்றார். வந்ததிலிருந்து இப்போதுதான் எனக்கு உயிர் வந்திருக்கிறது. காலையில் போனதும் முதல் வேலையாக அந்தக் கிருமியை வளர்க்கும் தட்டைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

யார் வீட்டுக் குழந்தையோ, பாவம். பிழைத்ததா என்று சபாபதி எழுதவில்லை. நல்லவேளை, நீங்கள் கோழிகளை விற்றுவிட்டீர்கள்.

ரமணியைப் பாடச் சொல்லி ஒரு கேசட் பதிந்து அனுப்புங்களேன். அவள் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கலா

கிள்ளான்
30.9.1984

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம்.

ரேடியோ கெட்டுவிட்டது. பாசார் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் கேசட் இப்போது முடியாது. பதிலுக்கு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். ரமணிக்குப் பத்துமலை முருகன் கோயிலில் முடி இறக்கினோம். அண்ணி ஏதோ வேண்டியிருந்தாளாம்.

உன் கிருமி நன்றாக வளர்வதாக எழுதியிருந்தாய். அதை வைத்து நல்லபடியாகப் பரீட்சை முடி. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன்

பிரிஸ்டல்
29.10.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளி நன்றாகக் கழிந்திருக்கும்.

அன்றைக்கு உங்கள் பக்கத்துக் கடைக்கு நான் போன் பண்ணியபோது ரமணியைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது. "அம்மா பேசறேன்" என்று கத்தினேன். பதிலே இல்லை. அப்புறம் நீங்கள் வாங்கி, "வெக்கப்படுறா லா" என்றீர்கள். ரேடியோவோடு பேசுகிறவள் என்னோடு பேச வெட்கப்படுவாளா?

போட்டோவை மேசைமேல் வைத்திருக்கிறேன். நீங்கள் கேமராவைப் பார்க்கிறீர்கள். அண்ணி ஏதோ சொல்லிக்கொண்டே கேமராவைப் பார்க்கிறார்கள். ரமணி மட்டும் அண்ணியின் வாயைப் பார்க்கிறாள். இத்தனை நாளும் இதைப் பார்த்துவிட்டு, அத்தைமேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தக் கிள்ளான் கிருமியின் குறிப்பை மறுபடி எடுத்தேன். மே மாதக் கடைசி. பெண், ஐந்து வயது. வீட்டில் கோழி. உங்களிடமிருந்து கடிதம் வராத மாதங்கள். கானமைசினைத் தவிர எதற்கும் அடங்காதது என்று நானே சோதித்து எழுதியிருக்கிறேன். அந்த ஊசி காதில் எங்கே போய் வேலை செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். இவ்வளவும் என் கையிலேயே இருந்திருக்கிறது. பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணே, சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். அந்தக் குழந்தை யார்?

கலா

கிள்ளான்
12.11.1984

கண்ணு கலா,

அண்ணி பவுனம்மா எழுதறேன். எனக்குப் படிப்பு கம்மி, பேசுறமாதிரியே எழுதறேன். நீ சாப்பிடு முதல்ல. சாப்பிட்டுட்டு இதைப் படி.

உன் லெட்டரை அண்ணன் மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வெச்சிக்கிட்டே சுத்துறார். பதில் எழுத உக்காருவார், எழுந்துடுவார். அதான் நான் எழுதறேன்.

ரமணிதாம்மா அது.

மே மாசம் காய்ச்சல் வந்துச்சு. நீ திட்டுன லெட்டர் வந்திருந்துச்சு, அதனால நான் பொடி கிடி ஒண்ணும் குடுக்கல, சத்தியமா. கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினோம். மருந்து குடுத்தாங்க, எறங்கல. மாத்திக் குடுத்தாங்க, எறங்கல. ரத்தமா போச்சு. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் நல்ல மனுஷன், அவரும் ஓஞ்சு போயிட்டார். "எல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு. இந்த ஊசி ஒண்ணுதான் மிச்சம். காது போகலாம், கிட்னி போகலாம். என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டார். அண்ணன், "உசிரு இருந்தா போதும் டாக்டர்"னு கையெழுத்துப் போட்டார். உனக்குத் தந்தி அடிங்கன்னு நான் சொன்னேன். "அவ வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணு பொழைக்கும், இல்ல போயிடும். படிப்பையும் விட்டுட்டு வந்து நிக்கணுமா?"ன்னார். பொழைச்சப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியாமப் போச்சு.

ஆஸ்பத்திரி ஆளுங்க வந்து கோழி எச்சம் எடுத்துட்டுப் போனாங்க. நீ வேலை செஞ்ச லேப்புதானாம். உன் பேரைச் சொல்லிடாதேன்னு அண்ணன் என் கையை அமுக்கிட்டார்.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு உன் ரெண்டாவது கேசட்டைப் போட்டேன். ரேடியோ முன்னாடி உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, போடு லா"ன்னா. அது ஓடிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. அண்ணன் வெளிய போய் லோரியில ஏறி உக்காந்துட்டார். ரொம்ப நேரம் எறங்கல. மறுநாள் ரேடியோவைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டார். கெட்டெல்லாம் போகல.

காதுக்கிட்ட கத்தினா ஏதோ கொஞ்சம் கேக்குது. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. வாயைப் பார்த்தா புரிஞ்சிக்கிறா, கெட்டிக்காரி. பாலர் பள்ளி டீச்சரம்மா எழுதிக் காட்டினா உடனே படிச்சிடுறா. தீபாவளிக்கு போனை வாங்கி காதுல வெச்சா, சிரிச்சா, எங்கிட்டக் குடுத்துட்டா.

முடி வேண்டுதல்தான். பத்துமலை ஏறுறப்போ முழுக்க உன் பேரைச் சொல்லிக்கிட்டே ஏறினேன். உன் புள்ளைக்கு நான் என் விரலால தேன்ல குழைச்சு ஊட்டுனேனே, அந்த விரலைப் பார்க்கவே புடிக்கல.

வைய்யணும்னா என்னை வையி. அவரை வேணாம்.

அண்ணி

பிரிஸ்டல்
26.11.1984

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன்.

ஒரு வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். தந்தி அடிக்காததற்குக் கோபம் இன்னும் இருக்கிறது, அண்ணே. வந்தபின் அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம். ஆனால் அந்தக் கையெழுத்தை, நான் அங்கே இருந்திருந்தாலும் நானே போட்டிருப்பேன்.

அண்ணி, உங்கள் விரலை விட்டுவிடுங்கள். அந்த வளையம் எந்தக் குஞ்சோடு வந்ததோ, எந்தத் தீவன மூட்டையோடு வந்ததோ, எத்தனை கூடுகள் தாண்டி வந்ததோ எனக்கே தெரியாது. ஒரு சிட்டிகையில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே மருந்துதான் என்று சொன்ன வாயும் என்னுடையதுதான். யாரை வைவது? வைவதற்கும் தெம்பு வேண்டும்.

அந்தத் தட்டை இன்றைக்கும் எடுத்தேன். நன்றாக வளர்ந்திருந்தது. இது என் பிள்ளையின் ரத்தத்தில் இருந்தது என்று நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் செய்யவேண்டிய சோதனையைச் செய்துவிட்டு வந்தேன். மீதி எழுத்து வேலைதான். அதைக் கிள்ளானில் உட்கார்ந்தும் எழுதலாம் என்று பேராசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். டிசம்பர் நடுவில் வருகிறேன். கேசட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

உள்ளே இருக்கும் தாளை ரமணியிடம் கொடுங்கள். படித்துக் காட்டவேண்டாம். அவளே கூட்டிப் படிக்கட்டும்.

கலா

ரமணிக்கு,

அம்மா எழுதறேன்.

நீ நல்லா படிக்கிறேன்னு அத்தை சொன்னாங்க.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?

அம்மா ப்ளேன் ஏறி வரேன்.

சுபாங் ஏர்போர்ட்ல மாமா தோள்மேல ஏறி உக்காரு. கதவையே பாரு.

நிறைய பேர் வருவாங்க. எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அம்மா கூப்பிட மாட்டேன்.

நேரா உன் முன்னாடி வந்து நிப்பேன்.